பெண்டன்ட் விளக்கு – தொங்குவிளக்கு

கடைகளில் 'பெண்டன்ட் லைட்' என்று விற்பது, கூரையிலிருந்து ஒற்றை வயரிலோ கம்பியிலோ சங்கிலியிலோ இறங்கி நிற்கும் விளக்கு. கூரையோடு ஒட்டிப் பொருத்துவது இந்த வகையில் சேராது. பல கிளைகளில் பல பல்புகள் எரிந்தால் அது சரவிளக்கு. கழுத்துச் சங்கிலியில் கோப்பதற்கும் பெண்டன்ட் என்றே பெயர் இருப்பதால் 'பதக்க விளக்கு' என்று எழுதத் தோன்றும். அது வேண்டாம். பதக்கம் என்பது நகையின் பெயர், தொங்குதல் என்ற பொருள் அதில் இல்லை.

லத்தீனில் 'பெண்டேரே' என்றால் தொங்குவது. பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. கடிகாரத்தின் பெண்டுலமும் இதே வேர்தான். எடை போடுவதற்கான லத்தீன் சொல்லும் இதற்கு நெருங்கிய உறவு, தராசில் தொங்கவிட்டுத்தானே நிறுத்தார்கள். காசை நிறுத்துக் கொடுத்த அந்த வழக்கத்திலிருந்து பென்ஷன் வந்தது. தமிழிலும் இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தூக்குவது என்றால் தொங்கவிடுவது, நிறுத்துப் பார்ப்பதும்கூட. 'துணைவலியும் தூக்கிச் செயல்' என்று குறள் சொல்வது எடைபோட்டுப் பார்க்கத்தான். பழந்தமிழில் தூங்குவது என்றாலே தொங்குவது. கூடு தொங்குவதால்தான் அது தூங்கணாங்குருவி.

டென்மார்க்கில் இந்த விளக்குக்கு 'பென்டல்' என்று பெயர், ஊசலுக்கும் அதே சொல்தான். அந்த நாட்டின் தொங்குவிளக்குகளில் எல்லோருக்கும் தெரிந்தது, பௌல் ஹென்னிங்சன் 1958இல் வடிவமைத்த பி.ஹெச். 5. பி.ஹெச். என்பவை அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 5 என்பது பெரிய தட்டின் விட்டமான 50 செ.மீ.யைக் குறிக்கிறது.

ஹென்னிங்சன் 1894இல் பிறந்தவர், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சார பல்பு வந்ததும் வெளிச்சம் கூடியது, கண்ணும் கூசியது. இந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் அவர் வாழ்நாள் வேலை. 1920களின் நடுவில் லூயி பௌல்சன் என்ற விளக்கு நிறுவனத்துக்காக மூன்று தட்டு விளக்கை உருவாக்கினார். தட்டுகளின் வளைவை மடக்கைச் சுருள் என்ற கணித வடிவத்தை வைத்துத் தீர்மானித்தார். வெளிச்சம் தட்டுகளில் பட்டுத் திரும்பிக் கீழே பரவும், பல்பு நேராகக் கண்ணில் படாது.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. பல்பு குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட இடத்தில் இருந்தால்தான் கணக்கு சரிவரும். ஆனால் பல்பு தயாரிப்பாளர்கள் அளவையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எந்த பல்பைப் போட்டாலும் கூசாத விளக்காக அவர் செய்ததுதான் பி.ஹெச். 5. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிந்த உலோகத் தட்டுகள். உள்ளே சிறிய பரப்புகளில் சிவப்பும் நீலமும் பூசியிருக்கும். மனிதக் கண் வெளிச்சத்தின் மஞ்சள், பச்சைப் பகுதியைத்தான் அதிகம் உணர்கிறது, சிவப்பையும் நீலத்தையும் கொஞ்சம் கூட்டினால் வெளிச்சம் இதமாகும் என்பது அவர் எண்ணம். சாப்பாட்டு மேசைக்கு மேல் சுமார் 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டால் மேசை முழுக்க வெளிச்சம் விழும், எதிரே இருப்பவர் முகத்தையும் மறைக்காது. தொங்கும் உயரமும் வடிவமைப்பில் ஒரு பகுதி என்பதை இந்த விளக்கில் தெளிவாகப் பார்க்கலாம். வயரைச் சுருக்கிக் கூரையோடு சேர்த்துக் கட்டினால் பாதி வேலை கெட்டுவிடும்.

அதே 1958இல் கோபன்ஹேகனின் லாங்கெலினியே உணவகத்துக்காக இன்னொன்றையும் செய்தார். 72 உலோக இதழ்கள், பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. ஆங்கிலத்தில் இது ஆர்டிசோக், இதழ்கள் அடுக்கிய ஒரு காய்கறியின் பெயர். டேனிஷ்காரர்களுக்கோ 'கோக்லே', அதாவது பைன் மரக் காய். இதழ்கள் அடுக்கடுக்காக இருப்பதால் சரவிளக்கு என்று சொல்ல ஆசை வரும். ஆனால் அத்தனை இதழ்களும் உள்ளே இருக்கும் ஒரே ஒளியை மறைக்கத்தான் இருக்கின்றன. ஆகவே இதுவும் தொங்குவிளக்குதான்.

அப்புறம் 'தூக்குவிளக்கு' என்ற சொல் பழையது, இலக்கணப்படியும் சரி. சங்கிலியில் தொங்கும் எண்ணெய் விளக்குக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் இன்று 'தூக்கு' என்றதும் தூக்குத்தண்டனை நினைவுக்கு வருகிறது, வீட்டு விளக்குக்கு அது வேண்டாம். 'தொங்கும் விளக்கு' என்று பிரித்து எழுதினால் அந்த நேரத்தில் தொங்குகிற ஏதோ ஒரு விளக்கு என்றாகிவிடும். வகையின் பெயராக வர வேண்டுமானால் சேர்த்து எழுத வேண்டும்: தொங்குவிளக்கு. பன்மைக்குத் தொங்குவிளக்குகள், மாதிரியின் பெயரோடு சொல்லும்போது பி.ஹெச். 5 தொங்குவிளக்கு.