காட்டேஜ் ஓர்னே – அணிக்குடில்

'காட்டேஜ் ஓர்னே' என்ற வீட்டு வகையின் பெயர் காதில் விழும்போது பிரெஞ்சு போல இருக்கும். ஆனால் பாதிதான் பிரெஞ்சு. 'காட்டேஜ்' ஆங்கிலம், குடிசையைக் குறித்த 'காட்' என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. 'ஓர்னே' என்றால் அணிசெய்யப்பட்டது. அதன் வேர் 'ஓர்னாரே' என்ற லத்தீன் வினை. இரண்டையும் ஒட்டவைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். வீடும் தோட்டமும் ஓவியம்போலத் தெரிய வேண்டும் என்ற ரசனை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பரவியபோது புழக்கத்துக்கு வந்த பெயர் இது.

செல்வந்தர்கள் குடியானவர் வீட்டின் சாயலில் கட்டிக்கொண்ட நாட்டுப்புற இல்லம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அயர்லாந்தின் டிப்பரேரியில், ஷூர் ஆற்றின் அருகே 1810 வாக்கில் எழுந்த 'சுவிஸ் காட்டேஜ்' இதற்கு நல்ல சான்று. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. தாழ்வாரத்தைத் தாங்குவது இழைத்த தூண்கள் அல்ல, முரட்டு மரத்தடிகள். ஜன்னல்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை. கூரை தடிமனாக, அலைபோல வளைந்து இறங்குகிறது. தானாக முளைத்த வீடு என்று தோன்ற வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் திட்டமிட்டுச் செய்தார்கள். உள்ளே போனால் பாரிஸில் அச்சிட்ட சுவர்த்தாள்! வெளியே எளிமை, உள்ளே செல்வம். 'ஓர்னே' என்ற அடைமொழிக்கு முழுப் பொருளும் இங்கேதான் விளங்குகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அலங்காரக் குடிசை' எனக்கு ஒட்டவில்லை. குடிசை என்றதுமே வறுமை நினைவுக்கு வருகிறது. 'மாளிகை' மறுபக்கம் சாய்ந்துவிடும். 'குடில்' பொருந்துகிறது: சிறியது, மரங்களுக்கு நடுவே அமைதியாக இருப்பது. அதனால் அணிக்குடில். நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிட வேண்டாம். 'அணிகுடில்' என்று எழுதினால், அணிகலன் போல வினைத்தொகையாகிப் பொருள் மாறிவிடும்.

அப்புறம், கூரை. நாணலையோ கோதுமை வைக்கோலையோ கற்றை கற்றையாக அடுக்கி, மழைநீர் நிற்காமல் வழிந்தோடும்படி ஏறத்தாழ 50 பாகைச் சரிவில் அமைப்பார்கள். இதற்குத் தமிழில் 'வேய்தல்' என்ற அருமையான வினை இருக்கிறது. கூரை போடுவதும் வேய்தல், தலையில் பூச் சூடுவதும் வேய்தல். மூடுவதையும் அழகு செய்வதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழிக்கு இந்த வீட்டைச் சொல்ல இரவல் தேவையில்லை. ஆனால் எல்லா அணிக்குடில்களும் வேய்ந்தவை அல்ல, ஸ்லேட் கல் பாவியவையும் உண்டு. ஆகவே நாணல், வைக்கோல் கூரையுள்ளதை மட்டும் 'வேய்ந்த அணிக்குடில்' என்று எழுதுங்கள்.