ஓதம்: கடலிலும் ஏறும், சுவரிலும் ஏறும்

போன ஜூலையில் மும்பை சயானில் எங்கள் தரைத்தள வாடகை வீட்டில் பீரோவை நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. வீட்டுக்காரரிடம் சொன்னால், மழைக்காலத்தில் ஓலாவா வரத்தான் செய்யும் என்று மராத்தியில் முடித்துவிட்டார். பக்கத்து வீட்டு பீகார்க்காரர் அதையே சீலன் என்கிறார், சொசைட்டி (கட்டட வீட்டு உரிமையாளர் சங்கம்) செயலாளருக்கோ எல்லாமே லீக்கேஜ். நானும் என் பங்குக்கு டேம்ப் டேம்ப் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை சுவரடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஓதம்டா, கீழேருந்து ஏறுது" என்றார்.

ஓதம் என்றால் முதலில் கடல் ஞாபகம்தான் வரும். உயர் ஓதம், தாழ் ஓதம் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்போம். பழைய இலக்கியத்தில் அலைக்கும் கடலுக்கும் வெள்ளத்துக்கும் இதே சொல் வரும், அகராதியில் ஈரம் என்ற பொருளும் கூடவே நிற்கும், விரையில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கும் ஓதம் என்றே பெயர். வர வேண்டாத இடத்துக்குத் தண்ணீர் ஏறி வருவதுதான் எல்லாவற்றிலும் பொதுவாக ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது. சுவரில் நடப்பதும் அதுதானே? மண்ணில் இருக்கும் தண்ணீரைச் செங்கல்லும் காரையும் தங்கள் நுண்துளைகளால் உறிஞ்சி மேலே இழுக்கின்றன, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை. நீர் காயும் இடத்தில் உப்பு தங்கும். உப்புப் பூத்திருக்கு என்று கொத்தனார் சொல்வது அந்த வெள்ளைக் கோட்டைத்தான்.

அதனால் டேம்ப்னெஸ் என்பதற்கு ஈரப்பதம் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரப்பதம் காற்றுக்கு. ஈரம் துணிக்கு, காய்ந்தால் போய்விடும். சுவருக்குள் ஊறி நிற்பது ஓதம். கறுப்பாகப் படர்கிறதே, அது பூஞ்சணம், சிலர் பூசணம் என்பார்கள். ஊறுகாய் பூத்துப்போச்சு என்கிறோமே, அதே ஆள்தான். ஓதம் காரணம், பூஞ்சணம் விளைவு. பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் விளைவு பத்து நாள் மறையும், அவ்வளவுதான்.

சொல்லில் ஏன் இத்தனை கறார் என்றால், யார் பணம் போடுவது என்பது காரணத்தைப் பொறுத்தது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்கினால் அது கசிவு, அந்த வீட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும். மொட்டை மாடி, வெளிச்சுவர், பொதுக்குழாய் என்றால் சொசைட்டி. சமையல் ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படிந்தால் அது வேர்ப்பு, அதில் நம் பங்கும் உண்டு (எல்லா வீட்டுக்காரர்களும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்). தரையிலிருந்து ஏறும் ஓதம் கட்டடத்தின் கோளாறு. அதை வாடகைக்கு இருப்பவன் எப்படிச் சமைத்தும் வரவழைக்க முடியாது.

மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, பிரிவு 14 இங்கே உதவும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பழுதுபார்த்து வைப்பது உரிமையாளர் கடமை. குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பியும், நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லை என்றால் வாடகைதாரரே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் கழிப்பது அந்த வருட வாடகையில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. டில்லியில் 1958ஆம் வருடச் சட்டத்தின்படி பன்னிரண்டில் ஒரு பங்குதான், அதுவும் மாத வாடகை 3500 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சட்டமே பொருந்தாது. இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்து 2020இல் இறந்துபோன ஆவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்திருக்கிறது. குறைந்த வாடகைக்குத் தரப்படும் சமூகக் குடியிருப்புகளில் உயிருக்கு ஆபத்தான கோளாறு என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், 2025 அக்டோபரிலிருந்து.

இதில் ஒரு சிக்கல். பகடி முறையில் (ஒரு பெருந்தொகையை முதலில் கொடுத்துவிட்டு, குறைந்த வாடகையில் நெடுங்காலம் இருப்பது) குடியிருப்பவர்களுக்குப் பிரிவு 14 கைகொடுக்கும். நம்மில் பலர் இருப்பது 11 மாத லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தத்தில், அதில் நாம் வாடகைதாரர் இல்லை, உரிமம் பெற்றவர். அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே "ஓதம், கசிவு, குழாய்ப் பழுது உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரரின் மொழியிலேயே. வீடு பார்க்கப் போகும்போது ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள். காரை பொத்தென்று உதிர்ந்தால் அந்தப் பெயின்ட் எதற்கு என்று கேளுங்கள்.

நான் இந்தத் தடவை புகாரில் லீக்கேஜ் என்று எழுதவில்லை. எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி, உப்புக்கோடு எங்கே, எந்தத் தேதியில் எடுத்த படம் என்று எழுதினேன். வீட்டுக்காரர் கொத்தனாரோடு வந்தார். பீரோ இன்னும் நடுக்கூடத்தில்தான் நிற்கிறது.