கல் பகுப்பாய்வு

சிறுநீரகக் கல்லால் விலாவில் பிடித்த வலி அடிவயிற்றுக்கு இறங்கினால், எங்கள் லயத்துப் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பெரியவர்கள் ‘கல்லடைப்பு’ என்பார்கள். சித்த மருத்துவத்திலும் அதே பெயர்தான். வடமொழியில் அச்மரி, அதற்குள்ளும் கல்தான் இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அடைப்பைப் பற்றியே பேசுகிறது. அடைப்பு நீங்கியதும் நோயும் போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கும் என் மாமா, சிறுநீரோடு விழுந்த கல்லைத் தூக்கி எறிந்துவிட்டார். மூன்று வருடத்தில் மறுபடி அதே வலி.

அந்தக் கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். டாக்டர்கள் ‘ஸ்டோன் அனலைசிஸ்’ என்று எழுதுவது இந்தச் சோதனையைத்தான். அனலைசிஸ் கிரேக்கச் சொல். கட்டவிழ்ப்பது என்று பொருள். தமிழில் பகுப்பாய்வு, அதாவது பகுத்து ஆராய்தல். புணர்த்தி எழுதினால் ‘கற்பகுப்பாய்வு’. இலக்கணம் சரி, ஆனால் வாசிப்பவர் ‘கற்ப’ என்று பிரித்துத் தடுமாறுவார். ‘கல் பகுப்பாய்வு’ என்று விட்டு எழுதுவதே நல்லது என்பேன்.

கல்லைப் பொடித்து, அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, அது எந்தெந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்று பார்த்தால் கல் எதனால் ஆனது என்று தெரியும். பெரும்பாலும் கல்சியம் ஒக்சலேட். ஒக்சலேட் என்ற பெயர் ஒக்சாலிஸ் என்ற செடியினத்திலிருந்து வந்தது. வேறொன்றுமில்லை, நம் புளியாரையின் இனம்! கிரேக்கத்தில் ‘ஒக்சிஸ்’ என்றாலும் புளிப்புதான். தேயிலையிலும் ஒக்சலேட் உண்டு. பாலிலுள்ள கல்சியம் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அதனால் ‘கல்சியக் கல்’ என்று கேட்டதும் பாலை நிறுத்துவது தவறு. உப்பைக் குறைக்க வேண்டும். நாளுக்கு இரண்டரை லீற்றர் சிறுநீர் போகுமளவு தண்ணீர் குடிக்க வேண்டும். மலையில் கழிப்பறை இல்லாமல், தாகத்தை அடக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்கு வேதனை.

சோதனையில் ஸ்ட்ரூவைட் (கிருமித்தொற்றால் உருவாகும் கல்) என்று வந்தால் அந்தத் தொற்றை முற்றாகத் தீர்க்க வேண்டும். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தாலான கல் பரம்பரையாக வருவது. கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும். யூரிக் அமிலக் கல்லை 1776இல் ஷீலே என்ற வேதியியலாளர் பகுத்தறிந்தார். சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் அந்தக் கல் கரையக்கூடும்.

சிறுநீரோடு வரும் கல்லைப் பிடிக்கத் தேத்தண்ணி வடி ஒன்றைத் தனியாக ஒதுக்கினால் போதும். கழுவி, காயவைத்து, சுத்தமான போத்தலில் போட்டுக் கொடுங்கள். கல்லின் மேல் பிளாஸ்டர் (ஒட்டும் நாடா) ஒட்டவேண்டாம், பசை சோதனையைக் குழப்பும்.

மாமா இரண்டாவது கல்லைப் பிடித்துவிட்டார். யூரிக் அமிலம் என்று வந்தது. உள்ளே மிச்சமிருந்த கல் மருந்திலேயே கரைந்தது.