டெர்ரியர்: பயங்கர நாயா, மண்நாயா, வளைநாயா?

நாய் வளர்ப்பைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ‘புல் டெர்ரியர்’ என்பதற்குப் ‘பயங்கரக் காளைநாய்’ என்று ஒரு பெயர்ப்பு உலவுகிறது. ஒருமுறை கண்டபோது கைப்பிழை என்று விட்டுவிடலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி அதுவே வழக்காகும் நிலை வந்த பிறகு, அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டெர்ரியர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேர், நிலம் என்று பொருள்படும் ‘டெர்ரா’ என்ற இலத்தீன் சொல். நரியும், பேட்ஜர் என்னும் வளைதோண்டி வாழும் விலங்கும் பதுங்கிய வளைக்குள் நுழைந்து அவற்றை வெளியே விரட்டும் நாய்க்கு அப்பெயர் வழங்கியது. 1570இல் பிரிட்டனின் நாய்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய ஜான் கீஸ் என்ற மருத்துவரும் இந்த வேலையைக் கொண்டே அவற்றை அடையாளம் காட்டினார். அச்சத்தைக் குறிக்கும் ‘டெரர்’ என்ற சொல்லோ, நடுங்கச் செய்தல் என்று பொருள்படும் வேறொரு இலத்தீன் வினையின் வழி வந்தது. ஆகவே ‘பயங்கர’ என்ற அடை இந்த நாயின்மேல் ஏறியது காது செய்த பிழையே. மடியில் அடங்கிவிடும் யார்க்‌ஷயர் டெர்ரியரையும் ‘யார்க்‌ஷயர் பயங்கர நாய்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால் பிழை அப்போதே விளங்கியிருக்கும்.

காளைக்கு வருவோம். இங்கிலாந்தில், 1835ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்யும்வரை, கட்டிவைத்த காளையின்மேல் நாய்களை ஏவிவிடும் கொடிய கேளிக்கை நடந்துவந்தது. அதற்கென்றே வளர்க்கப்பட்டது பழைய புல்டாக். அந்தப் புல்டாக்கையும் டெர்ரியரையும் கலந்து பெற்ற கலப்பினத்துக்கு வைத்த பெயரில் இருக்கும் ‘புல்’, புல்டாக்கின் சுருக்கமேயன்றிக் காளை போன்ற உருவத்தைச் சுட்டுவதன்று. ‘காளைநாய்’ என்பது ஒரு பெற்றோரின் பெயரைப் பாதியாக நறுக்கி, மற்றொரு பெற்றோரை அடியோடு மறைத்துவிடுகிறது.

இதற்கு மாற்றாகத் தூய தமிழ் ஆர்வலர் சிலர் ‘மண்நாய்’ என்பதை முன்வைக்கின்றனர். எனக்கு மிகுதியும் ஒவ்வாதது இதுதான்; ஏனெனில் முந்தையது அறியாமை, இது அரையறிவு. வேரைப் பெயர்த்தால் சொல்லைப் பெயர்த்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பிறந்த ஆக்கம் இது. தமிழில் ‘மண்’ முன்னொட்டாக நின்றால் என்ன பொருள் தரும் என்று இதை ஆக்கியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மண்பானை, மண்சட்டி, மண்சுவர் என்பவை மண்ணால் ஆனவை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று கேட்டு வளர்ந்தவர் மண்நாய் என்று படித்தால், கொலுவில் வைக்கும் பொம்மை என்றுதான் முதலில் கொள்வார். மண்புழுவைப் போல மண்ணிலேயே வாழும் உயிர் என்று கொள்வாரும் உண்டு, அதுவும் தவறு. மேலும், இன்றைய பிரெஞ்சு மொழியில் ‘டெர்ரியே’ என்பது விலங்கு தோண்டி வாழும் வளைக்கே பெயராக நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் எண்ணியது வளையை. நம்மவர்கள் அதையும் தாண்டி இலத்தீனுக்குள் இறங்கி, மண்ணை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ‘தரைநாய்’, ‘நிலநாய்’ என்பவற்றுக்கும் இதே குறை உண்டு. ‘அகழ்நாய்’ சற்றே மேல் எனினும், தோண்டுதல் இந்நாய்க்கு வழிதானே தவிர வேலையன்று; இருட்டில் நுழைந்து, திரும்ப இடமில்லாத இடத்தில் எதிரியை நேர்நின்று குரைத்து மடக்குவதே வேலை.

எனவே ‘வளைநாய்’ என்பதே பொருந்தும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்ற பழமொழியும், எலிவளை, நண்டுவளை என்ற வழக்கும் இச்சொல்லை உயிரோடு வைத்திருக்கின்றன. பொந்து என்றால் மரம் நினைவுக்கு வருகிறது. புற்று என்றால் கறையானும் பாம்பும். ‘புலி சேர்ந்து போகிய கல்லளை’ என்ற புறநானூற்று அடியில் குகையைக் குறிக்கும் ‘அளை’ அழகிய சொல்தான், ஆயினும் இன்று உரை இல்லாமல் விளங்காது. வளை என்றால் வளையலையும் குறிக்குமே என்பார்க்கு, நாயோடு சேர்ந்து நிற்கும்போது யாரும் அதைக் கையில் மாட்டிப் பார்க்கப்போவதில்லை என்பதே விடை. தோள்வரை ஏறத்தாழ 60 செ.மீ. உயரமுள்ள ஏர்டேல் டெர்ரியர் எந்த வளைக்குள் நுழையும் என்ற கேள்வி அதைவிட வலியது. குழுப்பெயர் பரம்பரைத் தொழிலைச் சொல்லுமேயன்றி ஒவ்வொரு நாயின் அளவைச் சொல்லாது. திபெத்திய டெர்ரியர் மட்டும் உண்மையான விலக்கு. வளைவேட்டைக்குத் தொடர்பே இல்லாத அந்நாய்க்குத் தோற்றம் கண்டு ஐரோப்பியர் வைத்த பெயர் அது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பயங்கர நாய் என்று படித்தவர் தடியோடும் சங்கிலியோடும் வளர்க்கத் தொடங்குவார். வளைநாய் என்று அறிந்தவர் வேலியின் அடிப்பகுதியைப் பார்ப்பார். புல்டாக்–டெர்ரியர் கலப்பில் வந்த இனங்களுள் ஒன்றான ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெர்ரியரின் உயரம் 35.5 முதல் 40.5 செ.மீ., எடை 11 முதல் 17 கிலோ. முழங்காலளவே உள்ள இந்நாய், வேலி மண்ணுக்குள் இறங்காமல் நின்றுவிட்டால் முன்கால்களால் பறித்து அடியில் நுழைந்துவிடும். ஓடும் சிற்றுயிரைத் துரத்துவது அதன் இரத்தத்தில் உள்ளது; ஆகவே முயலோ பூனையோ இருக்கும் வீட்டில் மேற்பார்வை வேண்டும். அன்றாட நடையும் இழுத்து விளையாடும் ஆட்டமும் கடிப்பதற்கு உறுதியான பொம்மையும் கிடைக்காவிட்டால் சோபாவைத்தான் வளையாக்கும். தலை அகன்று முகவாய் சற்றே குறுகியிருப்பதால் வெயில் வேளையில் ஓடவிடலாகாது. அதட்டலுக்கு முரண்டு பிடிக்கும் இந்த இனம் பாராட்டுக்கும் தின்பண்டத்துக்கும் விரைந்து கற்கும். பரம்பரைக் கண்புரைக்கும், எல்-2-எச்ஜிஏ என்னும் நரம்பைப் பாதிக்கும் வளர்சிதைமாற்றக் கோளாற்றுக்கும் மரபணுச் சோதனை உண்டு. குட்டி வாங்குவோர் பெற்றோர் இரண்டின் சோதனை முடிவையும் கேட்க வேண்டும்.

இந்தச் செய்திகளைச் சொல்லவரும் இடத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் சும்மா இருப்பதில்லை. ‘தசைப்பிடிப்பான உடல் கொண்ட நாய்’ என்று எழுதுகிறார்கள். தசைப்பிடிப்பு என்பது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு துடிக்க வைக்கும் வலி. அந்த நாய்க்குத் தேவை நடைப்பயிற்சியா, மருத்துவரா என்று படிப்பவர் குழம்புவார். கட்டுடல், முறுக்கேறிய உடல், திண்ணிய உடல் என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவ்வாறே ‘ஆற்றல் வாய்ந்த’, ‘சக்தி மிக்க’ என்று எழுதி ஏற்கெனவே அஞ்சியவரை மேலும் அஞ்ச வைக்கிறார்கள். ஓரிடத்தில் நில்லாத இயல்பைக் குறிக்கத் துறுதுறுப்பு என்ற சொல் இருக்கிறதே! குழந்தையைப் பற்றிப் பேசும்போது எளிதாக வரும் சொல், நாயைப் பற்றி எழுதும்போது ஏனோ இவர்களுக்கு வருவதில்லை.

இனப்பெயரை முழுவதும் தமிழாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் ஓர் ஊர்ப்பகுதியின் பெயர். புல் டெர்ரியர் பதிவேட்டில் உள்ள பெயர். அவற்றை ஒலிபெயர்த்து எழுதுவதே முறை. பொதுவாகக் குழுவைச் சொல்லும் இடத்தில் ‘வளைநாய் வகை’ என்றும், முதன்முறை வரும்போது ‘டெர்ரியர் எனப்படும் வளைநாய்’ என்றும் எழுதினால் போதும்.