வலி வந்தால் கேட்டைத் திறப்பது யார்?

"டாக்டர், நார்மலா ஆப்பரேஷனா?"

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் வருகிற பெண்களில் பாதிப் பேராவது கேட்கும் கேள்வி இது. சில சமயம் மாமியார் கேட்பார். சில சமயம் வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கும் கணவர் தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. பிள்ளையின் தலை கீழே திரும்பியிருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது, இதுவரை நல்லபடியாகத்தான் போகிறது. அதற்கு மேல் சொன்னால் அது ஜோசியம். நான் திருப்பிக் கேட்பது வேறு: "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா எப்படிம்மா வருவீங்க?"

அண்மையில் இதைக் கேட்டபோது ஒரு பெண் சிரித்துவிட்டார். அப்புறம் யோசித்தார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவர்கள் வீடு. கணவருக்கு ஈப்போ பக்கம் பேக்டரியில் இரவு ஷிப்ட். இருப்பது ஒரே மோட்டார், அதில்தான் அவர் வேலைக்குப் போவார். தோட்டத்து கேட்டை ராத்திரியில் பூட்டிவிடுவார்கள். சாவி ஜாகாவிடம், அதாவது காவல்காரரிடம். ஜாகா எங்கே படுத்திருப்பார் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பிரசவத் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது, நல்லவேளை.

வலி வந்த பிறகு இதையெல்லாம் யோசிக்க முடியாது. 32 வாரத்திலிருந்து 36 வாரத்துக்குள், ஒரு செக்கப்பிலாவது, வயிறு தடவிப் பார்த்த பிறகு உட்கார்ந்து பேச வேண்டும். பத்து நிமிடம் போதும். கிளினிக்கில் கூட்டம் அதிகம், டாக்டருக்கும் மிஸ்ஸி என்கிற நர்ஸுக்கும் அவசரம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நாங்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நாங்கள் கேட்க மறப்பதுண்டு. நானே மறந்திருக்கிறேன்.

வேறொரு மாவட்டத்தில் வேலை செய்த காலம். தலைப்பிரசவம், சின்ன வயசுப் பெண். ரத்தம் குறைவு, சர்க்கரையும் லேசாக ஏறியிருந்தது. எல்லாவற்றையும் அவருடைய பிங்க் புத்தகத்தில், அதாவது கர்ப்பகால செக்கப் விவரங்களைக் குறிக்கும் புத்தகத்தில், ஒழுங்காக எழுதி வைத்தேன். எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன் போலிருக்கிறது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அம்மா வந்து, வழக்கப்படி, ஜொகூரில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பட்டுப்புடவை போனது, வளையல் போனது, புத்தகம் மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. வலியோடு அவர் நுழைந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ரத்த வகையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்காமல் போனது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு அது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஏழு மாதம் என்னிடம் வந்த பெண்ணிடம் "எங்கேம்மா பெத்துக்கப் போறீங்க?" என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தாய் வீட்டுப் பிரசவம் நல்ல வழக்கம். அதை விடச் சொல்லவே மாட்டேன். போகிற தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். புதிய ஊரில் எந்த கிளினிக்கில் பதிவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பார்த்துக் கடிதம் எழுதித் தருவோம். கடைசி மாதத்தில் கிளினிக்கை மாற்றிவிட்டு இரண்டு செக்கப்பை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பிரஷர் ஏறுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில்தான்.

புத்தகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஒட்டியிருக்கும் நிற வில்லையைப் பலர் கவனிப்பதே இல்லை. வெள்ளை என்றால் பெரிய கவலை இல்லை. பச்சை என்றால் மிஸ்ஸியோடு டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. "என் நிறம் என்ன, ஏன் அந்த நிறம்?" என்று கேளுங்கள். போன மாதம் பச்சையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக மாறலாம்.

நீங்கள் எங்கே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் இதே விஷயங்கள்தான். சிறிய மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் மகப்பேறு நிபுணரோ மயக்க மருந்து நிபுணரோ இருப்பதில்லை. சாதாரணப் பிரசவத்துக்கு அங்குள்ள மிஸ்ஸிகளே போதும், கை தேர்ந்தவர்கள். ஆனால் முதல் பிள்ளை ஆப்பரேஷனில் பிறந்திருந்தால், இரட்டைப் பிள்ளையாக இருந்தால், பிள்ளை கால் கீழாக இருந்தால், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தால், பெரிய ஆஸ்பத்திரிதான். எங்களுக்கு அது ஈப்போ, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பக்கத்தில்தானே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று முதலில் உள்ளூருக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு ஏற்றினால் வீணாகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களைத் தேதி தாண்ட விடமாட்டார்கள். முன்பே படுக்க வைத்து வலி வரவழைப்பார்கள். அந்த நாள் எது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டால் கணவருக்கு லீவு போடவும் வசதி.

எப்போது கிளம்புவது? தலைப்பிரசவம் என்றால் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்து, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடமாவது நிற்கும்போது கிளம்பலாம் என்று பொதுவாகச் சொல்வோம். தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் அப்படிச் சொல்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும்போதே கிளம்புங்கள். "இன்னும் நேரம் இருக்கு" என்று திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் காத்திருக்கவே வேண்டாம். முன்பு ஆப்பரேஷன் ஆனவர்கள் முதல் வலிக்கே கிளம்பிவிட வேண்டும், பழைய தையல் அழுத்தம் தாங்காமல் விட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. பனிக்குடம் உடைந்தால் வலி இருக்கிறதோ இல்லையோ உடனே வர வேண்டும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சை கலந்திருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம். சளியோடு கொஞ்சம் ரத்தக் கீற்று தெரிவது வேறு, மாதவிடாய் மாதிரி ரத்தம் போவது வேறு. இரண்டாவதுக்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி வந்தாலும் அப்படித்தான், அது பிரஷர்.

அப்புறம் துடிப்பு. காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் பிள்ளை பத்து தடவையாவது அசைய வேண்டும். அதைக் குறிக்கத்தான் அட்டவணை தந்திருக்கிறோம். செக்கப்புக்கு வரும் வழியில் காரில் உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்புகிறீர்கள். தெரியாது என்று நினைக்காதீர்கள், தெரிகிறது. பத்து வரவில்லை என்றாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினாலோ, மறுநாள் அப்பாயிண்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேதி தாண்டினால் வீட்டில் வைத்தியம் ஆரம்பித்துவிடும். நம் பாட்டிமார்கள் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அன்போடு ஆக்கார் பாத்திமா என்ற காய்ந்த மூலிகையை ஊறவைத்த தண்ணீர் கொண்டுவந்து தருவார். விளக்கெண்ணெயில் வயிறு கலங்கி, வாந்தியும் போக்குமாக உடம்பில் நீர் வற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூலிகைத் தண்ணீர் கர்ப்பப்பையை அளவுக்கு மீறி இறுக்கிப் பிள்ளைக்கு மூச்சுத் திணறவைக்கக்கூடும் என்பதுதான் எங்கள் பயம். குடித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். திட்டினாலும் சொல்லுங்கள். குறித்த தேதியன்றே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. 37 வாரம் முடிந்தாலே அது நிறைமாதம்தான். தேதி போய் ஒரு வாரமாகியும் வலி வரவில்லை என்றால் என்ன செய்வோம் என்பதை 36ஆம் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொண்டால், மக்சிக்குக்குச் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். மாமியாரோ கணவரோ கூட இருக்கும்போது சில பெண்கள் உண்மையைச் சொல்வதில்லை. முன்பு கரு கலைந்தது, கல்யாணத்துக்கு முன் ஒரு பிள்ளை பிறந்தது, வீட்டில் அடி விழுவது. இவையெல்லாம் பிரசவத்துக்குத் தேவையான தகவல்கள். "டாக்டர்கிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாய் வரவில்லை என்றால், சிறுநீர் சோதனைக்குப் போகும்போது மிஸ்ஸியின் காதில் போடுங்கள். மற்றவர்களை வெளியே உட்காரச் சொல்வது எங்கள் பாடு.

வலி குறைக்க வாயு உண்டு, ஊசி உண்டு. முதுகில் போடும் எபிடியூரல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கணவரை உள்ளே விடுவார்களா என்பதும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பரேஷனுக்கு ஒப்புதல் தர வேண்டியவர் நீங்கள். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் வாசலில் பஞ்சாயத்து வேண்டாம்.

பையில் என்ன வைப்பது என்று ஆளாளுக்குப் பட்டியல் தருவார்கள், அதை விடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூத்த பிள்ளையின் சட்டைகளைப் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்தத் துணியைப் புதுப் பிள்ளைக்குப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறை இருக்கிறதா என்பது பிறந்த பிறகு, தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துத்தான் தெரியும்.

பையைவிட முக்கியம் காகிதங்கள். கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், தகப்பன் பெயரைச் சேர்க்க இருவரும் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கும். தாய் மலேசியக் குடியுரிமை இல்லாதவராக இருந்தால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். பள்ளியில் சேர்க்கும்போது முழிக்கிற குடும்பங்களைப் பார்க்கிறோமே, பலருக்குப் பிரச்சினை தொடங்கியது இங்கேதான். பிறப்பைப் பதிய 60 நாள்தான் அவகாசம். லீவு விஷயமும் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் தனியார் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 98 நாள், கணவருக்குச் சம்பளத்தோடு 7 நாள். கணவர் அதே முதலாளியிடம் ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும், பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே, முடியாவிட்டால் பிள்ளை பிறந்ததும் கூடிய சீக்கிரம், சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் திருமணம் சட்டப்படி இருக்க வேண்டும், பாருங்கள்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வந்தார். இந்த முறை கணவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் மூன்று நம்பர் எழுதியிருந்தார்கள். கடைசி லயத்து வரிசை வீட்டில் வேன் வைத்திருக்கும் மாமா, ஷிப்ட் சூப்பர்வைசர், ஜாகா.

"அடிச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அங்கேயே அடிக்கச் சொன்னேன். வேன் மாமா உடனே எடுத்தார். ஜாகா மூன்றாவது தடவைதான் எடுத்தார். ராத்திரி வேலை முடித்தவர், பகல் தூக்கத்தில் யார் என்று மலாயில் அதட்டினார். கணவர் விஷயத்தைச் சொன்னதும் குரல் தணிந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கொட்டகையில்தான் படுப்பேன், ஹார்ன் அடித்தால் போதும் என்றார்.