பெரிய டயர் போட்டால் வாரண்டி போய்விடுமா? பிக்கப் டிரக் ஸ்டியரிங் பழுதும் சட்டம் தரும் உரிமையும்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய டீசல் பிக்கப் டிரக்கிற்கு 37 அங்குல டயர்களைப் போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஒரு பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையை உதறும் அளவுக்கு அடித்துக்கொண்டதால், டீலரின் சர்வீஸ் மையத்திற்கு வண்டியைக் கொண்டு போனார். நானும் உடன் போயிருந்தேன். மேசையில் இருந்தவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக டயரைப் பார்த்துவிட்டு, "டயரை மாற்றியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று சொல்லி முடித்துவிட்டார். நண்பர் சொந்தப் பணத்தில் டை ராடை (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு) மாற்றிக்கொண்டு திரும்பினார். அந்தப் பதில் சட்டப்படி செல்லாது என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியவில்லை.

1975ஆம் ஆண்டின் மெக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வெளிக்கடையில் வாங்கிய பாகத்தைப் பொருத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் இந்தப் பழுது வந்தது என்பதை மறுப்பவர்தான் காட்டவேண்டும். இந்தச் சட்டத்தைக் கவனிப்பது மத்திய வர்த்தக ஆணையம். வழக்கில் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் கேட்க வழியிருக்கிறது.

ஆனால் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டயர் மாற்றியதால் எல்லா வாரண்டியும் போகாது என்பதற்கு, எந்தப் பழுதுக்கும் வாரண்டி உண்டு என்று பொருளில்லை. பெரிய டயரின் எடை அதிகம்; வெளியே தள்ளி நிற்கும் வீலும் சேர்ந்துவிட்டால், குழியில் விழும் ஒவ்வோர் அடியும் டை ராட் முனையிலும், ஸ்டியரிங் பெட்டியைச் சக்கர இணைப்போடு சேர்க்கும் டிராக் லிங்க்கிலும், சக்கரம் திரும்ப உதவும் குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட்டிலும் கூடுதலாக இறங்குகிறது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டிருந்தால் டிராக் லிங்க்கின் சாய்வே மாறிவிடும். ஆகவே தேய்ந்த பால் ஜாயிண்ட்டுக்கு டயரைக் காரணம் காட்டினால், அந்த வாதத்தில் வலு இருக்கலாம். டயருக்குத் தொடர்பே இல்லாத ஸ்டியரிங் சென்சாருக்கோ ஏசிக்கோ அதே காரணத்தைச் சொன்னால் ஏற்கக் கூடாது. எந்தப் பாகம், என்ன பழுது, டயர் அதை எப்படி உண்டாக்கியது என்ற மூன்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், "இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள்" என்று நீங்களே அன்று மாலைக்குள் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்மொழி மறுப்பு ஒரு மாதத்தில் மறைந்துபோகும்.

அலைக்கழிப்பு எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தைக் கேளுங்கள் என்று டீலர் சொல்வார். டீலர்தான் வண்டியைப் பார்க்கவேண்டும் என்று நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவு சொல்லும். டயர் கடைக்காரர், டயரில் குறையில்லை என்பார். இந்தச் சுற்றை உடைக்க ஒரே வழி, ஒவ்வொரு முறையும் ரிப்பேர் ஆர்டர் எனப்படும் பதிவுச் சீட்டை வாங்குவது. பழுது பார்க்காமலே திருப்பி அனுப்பினாலும், வண்டி வந்த தேதி, ஓடிய மைல், நீங்கள் சொன்ன குறை ஆகியவை அதில் இருக்கவேண்டும்.

அடுத்தது ரீகால். இது வாரண்டியோடு சேர்ந்ததல்ல என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தால், வாரண்டி முடிந்திருந்தாலும், வண்டி இரண்டாம் கை, மூன்றாம் கை மாறியிருந்தாலும், இலவசமாகச் சரிசெய்து தரவேண்டும். முதல் விற்பனை நடந்து 15 ஆண்டுகள் தாண்டிய பிறகு அறிவிக்கப்பட்ட ரீகாலுக்கு மட்டும் இந்த இலவசக் கடமை இல்லை. பழைய வண்டி வாங்கியவர்களுக்கு ரீகால் கடிதம் வந்து சேராமல் போவதும் உண்டு. அது முந்தைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கலாம். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் 17 எழுத்து வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) நீங்களே போட்டுப் பாருங்கள். சர்வீஸ் புல்லட்டின் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது மெக்கானிக்குக்கான குறிப்பு, ரீகால் ஆகாது. பேரைப் பார்த்து மயங்கவேண்டாம்.

உதிரிபாகம் வரவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பதும் உண்டு. ரீகால் வேலைக்காக வண்டியை ஒப்படைத்த 60 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்தில் செய்யத் தவறியதற்கு அதையே முதல் நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்துக் காட்டும்வரை செல்லும் சான்றாக, சட்டம் கொள்கிறது. தேதியுள்ள சீட்டு இல்லாவிட்டால் அந்த 60 நாளை நிரூபிக்க முடியாது. 23 ரீகால்களைச் சரிவர நடத்தவில்லை என்று 2015 ஜூலையில் ஃபியட் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு 10.5 கோடி டாலர் அபராத உடன்பாடு வந்தது. வண்டி கட்டுப்பாட்டை இழக்கக்கூடிய குறை இருந்த ராம் டிரக்குகளை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவும் அப்போது நிறுவனம் ஒப்புக்கொண்டது. மேற்படி பாதுகாப்பு நிர்வாகம் உங்கள் ஒருவரின் பணத்தை மீட்டுத் தராது; ஆனால் ஒரே குறை பற்றிப் பலர் புகார் பதிந்தால் விசாரணை தொடங்க அது உதவும். அதனால் பத்து நிமிடம் செலவழித்துப் பதிந்துவிடுங்கள்.

லெமன் சட்டத்தை, அதாவது திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு மாற்று வண்டியோ பணமோ பெற்றுத் தரும் மாநிலச் சட்டத்தை, நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மொத்த எடை 10,000 பவுண்டுக்கு மேல் என்று இருந்தால், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அந்தச் சட்டம் உங்கள் வண்டியைத் தொடாது. ஒரு டன் வகை டிரக்குகள் பல இந்த எல்லையைத் தாண்டுகின்றன. உரிமையாளரே செய்த மாற்றத்தால் வந்த குறைக்கும் பொதுவாக அங்கே இடமில்லை.

சர்வீஸ் மையத்துக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டட்டும். மற்றவர் பக்கவாட்டில் இருந்து இணைப்புகளைப் பார்க்கட்டும். நண்பரின் வண்டியில் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்து, உள்ளே இருந்த குமிழ் விழப்போகும் பல்லைப் போல ஆடியது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆடினால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுவை வண்டியை வரவழையுங்கள். சொந்தச் செலவில் மாற்ற நேர்ந்தால், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் அதே குறைக்கு ரீகால் வந்தால், முன்பே செலவழித்த பணத்தைக் குறிப்பிட்ட காலவரம்புக்குள் திரும்பக் கேட்கலாம். ரசீதில் பாகத்தின் பெயரும் தொகையும் தனித்தனியாக இருக்கவேண்டும். நண்பரின் ரசீதில் "ஸ்டியரிங் வேலை" என்று ஒரே வரிதான் இருந்தது; கழற்றிய டை ராடும் அன்றே இரும்புக் குப்பைக்குப் போய்விட்டது.