புரை முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

எழுபது வயதைத் தாண்டிய தாத்தா ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாளிதழ் படிக்கத் தொடங்குகிறார். பார்வை திரும்பிவிட்டதென்று வீடே மகிழ்கிறது. பல நேரங்களில் அது கண்புரையின் தொடக்கம். விழிவில்லையின் நடுப்பகுதி இறுகும்போது ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. கிட்டப்பார்வை உண்டாகி, வயதில் வரும் வெள்ளெழுத்து, அதாவது அருகிலிருப்பதைப் படிக்க முடியாத குறை, சில காலம் மறைந்ததுபோல் தோன்றும். தெருமுனையில் வரும் பஸ்ஸின் எண்தான் மங்கலாகும்.

விழிவில்லைக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. வெங்காயம்போல் அடுக்கடுக்காக வளரும் அது, பழைய அடுக்கு எதையும் உதிர்ப்பதில்லை. புதியது வெளியே சேரச் சேர, பழையது உள்ளே நெருக்கப்படுகிறது. எண்பது வயதுப் பாட்டியின் வில்லை நடுவே இருக்கும் புரதம், அவர் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது! மாற்றுப் புரதம் வராத அந்த இடத்தில், பழைய புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, ஒளி சிதறுகிறது. அதுதான் புரை. நீரிழிவு, புகைப்பழக்கம், நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டு மருந்து எல்லாம் அதை விரைவுபடுத்தும். எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது.

“இன்னும் முற்றவில்லை, முற்றட்டும்” என்று பெரியவர்கள் சொல்வதற்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அன்று வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியைத்தான் கொடுத்தார்கள். ஓரளவு பார்வை உள்ளவருக்கு அதனால் நட்டமே. 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போர் விமானிகளின் கண்களில் தெறித்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் சகித்துக்கொண்டதைக் கவனித்ததால் பிறந்த யோசனை அது. இன்று காத்திருப்பதுதான் ஆபத்து. முற்றிய வில்லை சில கண்களில் ஊதிப் பெருத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பையே சிதைத்துவிடும்.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒருவருக்கு அறுவை முடியும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாகாது. இறக்குமதி வில்லை எளியவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் தொடங்கிய அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் அதை மதுரையிலேயே தயாரித்து விலையைப் பலமடங்கு குறைத்தது.

ஆனாலும் பாட்டி திண்ணையிலேயே இருக்கிறார். கூட்டிப்போக ஆள் இல்லை. பிள்ளைக்கு ஒருநாள் கூலி போகும். “வயதானால் அப்படித்தான்” என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மனத்தை அறுக்கும் சொல் அது. இதற்காகவே சிற்றூர்களுக்கு அருகில் பார்வை மையங்கள் வந்திருக்கின்றன. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். தொலைவிலிருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியே நோயாளியிடம் பேசி முடிவெடுப்பார். அறுவை தேவைப்பட்டால்தான் பெரிய ஊருக்குப் பயணம். மங்கலுக்குக் காரணம் புரையா, கண் நீர் அழுத்தமா, நீரிழிவால் கெட்ட விழித்திரையா என்பது சோதித்தால்தான் தெரியும். புரையில் போன பார்வை பெரும்பாலும் அறுவையில் திரும்பும். கண் நீர் அழுத்தத்தில் போனது திரும்பாது.